பாசி வைரஸின் பூர்வீகம் தேடி

பச்சை ஹைட்ராவின் பச்சை இரவல் நிறம். நன்னீரில் இலை, தண்டுகளில் ஒட்டி வாழும் சில மில்லிமீட்டர் நீளமுள்ள இந்த உயிரின் செல்களுக்குள் குளோரெல்லா வகையைச் சேர்ந்த ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. பாசி வெயிலில் சர்க்கரை சமைத்து ஹைட்ராவுக்குக் கொடுக்கிறது. ஹைட்ரா அதற்கு இடமும் சத்தும் கொடுத்துப் பாதுகாக்கிறது.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், லிங்கன் நகரப் பல்கலைக்கழகத்தில் ரஸ்ஸல் மைன்ட்ஸ் என்ற உயிரியலாளர் இந்தக் கூட்டுக் குடித்தனத்தை ஆராய்ந்துவந்தார். பாசியைத் தனியாகப் புரிந்துகொள்ள, ஹைட்ராவின் உடலிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். வெளியே வந்த பாசிகள் ஒரே நாளில் வெடித்து அழிந்தன. மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, செல்களுக்குள் பல பக்கங்கள் கொண்ட ஒரே அளவான துகள்கள் நிறைந்து கிடந்தன. அவை வைரஸ்கள்.

அதே பல்கலைக்கழகத்தின் தாவர நோயியல் துறையில் ஜேம்ஸ் வான் எட்டன் இருந்தார். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ் ஒன்றில் முன்பே வேலை செய்தவர். இருவரும் சேர்ந்து இந்தக் கண்டுபிடிப்பை 1981இல் வெளியிட்டார்கள். மறு ஆண்டே, பாராமீசியம் பர்சேரியா என்ற ஒற்றைச் செல் உயிருக்குள் வாழும் பாசியிலும் இதைப் போன்ற வைரஸ் கிடைத்தது. இன்று உலகமெங்கும் குளோரோவைரஸ் என்று அழைக்கப்படும் கூட்டத்தின் கதை அங்கே தொடங்குகிறது.

புதிதாக ஒரு வைரஸ் கண்ணில் பட்டதும் எழும் கேள்விகள் இரண்டு. இது யார்? எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது? இரண்டும் எளிய கேள்விகளாகத் தோன்றும். பாசி வைரஸ்களின் வரலாற்றைப் பார்த்தால், இவற்றுக்கு விடை காண அறிஞர்கள் மூன்று சாட்சிகளை விசாரிக்க வேண்டியிருந்தது தெரியும். முதல் சாட்சி வைரஸின் வடிவம். இரண்டாவது சாட்சி, அது எந்த உயிரைத் தாக்குகிறது என்பது. மூன்றாவது சாட்சி அதன் மரபணு. ஒவ்வொரு சாட்சியும் ஒரு கட்டத்தில் தனியாக நின்று ஆய்வாளர்களைத் திசை திருப்பியிருக்கிறது. அந்த அனுபவங்களிலிருந்துதான் இன்றைய வகைப்பாட்டு முறை பிறந்தது.

வடிகட்டியில் சிக்கும் வைரஸ்

முதலில் வைரஸைப் பிடிக்க வேண்டும். 1892இல் ரஷ்ய அறிஞர் திமித்ரி இவனோவ்ஸ்கி, நோயுற்ற புகையிலைச் சாற்றை பாக்டீரியா நுழைய முடியாத வடிகட்டியில் வடித்தார். வடித்த சாறும் நோயை உண்டாக்கியது. அன்றிலிருந்து “வடிகட்டியைத் தாண்டிச் செல்வது” என்பதே வைரஸின் அடையாளமாகிவிட்டது. இன்றும் ஆய்வகங்களில் நீரிலிருந்து பாக்டீரியாவை நீக்க 0.2 மைக்ரோமீட்டர் துளை கொண்ட வடிகட்டியைப் பயன்படுத்துவது வழக்கம்.

பாசி வைரஸ்களில் பெரியவற்றுக்கு இந்த அளவுகோல் ஒத்துவராது. பாராமீசியம் பர்சேரியாவின் பாசியிலிருந்து பெற்ற மாதிரி வைரஸுக்கு பி.பி.சி.வி.-1 என்று பெயர். அதன் குறுக்களவு சுமார் 190 நானோமீட்டர். 0.2 மைக்ரோமீட்டர் என்றால் 200 நானோமீட்டர். ஒடுங்கிய வாசலில் உடலை நெருக்கிக்கொண்டு நுழையும் ஆளைப் போல, இது அந்தத் துளையில் பெரும்பாலும் சிக்கிக்கொள்ளும். அதனால் குளத்து நீரை 0.45 மைக்ரோமீட்டர் வடிகட்டியில்தான் வடிக்கிறார்கள். வைரஸ் என்றாலே மிகச் சிறியது என்ற நம்பிக்கையோடு நுண்ணிய வடிகட்டியை எடுத்தவர்கள், தேடிய பொருளை வடிகட்டியின் மேற்புறத்திலேயே விட்டுவிட்டு வெறும் நீரை ஆராய்ந்திருப்பார்கள்.

வடித்த நீரில் வைரஸ் இருக்கிறதா என்று அறிய, பாசியையே சாட்சிக்கு அழைக்க வேண்டும். ஹைட்ராவின் பாசியை வெளியே தனியாக வளர்க்க முடியவில்லை. ஆனால் பாராமீசியத்திலிருந்து பெற்ற என்.சி.64ஏ என்ற பாசி இனம் ஆய்வகத்தில் தனித்து வளர்ந்தது. அதையும் வைரஸ் தாக்கியது. 1983இல் வான் எட்டன் குழு ‘சயின்ஸ்’ இதழில் ஒரு முறையை வெளியிட்டது. பாசியை வைரஸ் இருக்கும் நீரோடு கலந்து, மென்மையான அகாரில் ஊற்றித் தட்டில் பரப்பி, வெளிச்சத்தில் வைக்க வேண்டும். இரண்டு மூன்று நாட்களில் தட்டு முழுவதும் பச்சைப் பாய் விரித்ததுபோலப் பாசி வளர்ந்திருக்கும். வைரஸ் விழுந்த இடங்களில் மட்டும் தெளிந்த வட்டங்கள் தெரியும். ஒரு வைரஸ் ஒரு செல்லைத் தாக்கி, அதன் வாரிசுகள் பக்கத்துச் செல்களைத் தாக்கி, அப்படியே பரவி உண்டான வெற்றிடம் அது.

இந்த எளிய தட்டு மூன்று வேலைகளைச் செய்கிறது. வட்டங்களை எண்ணினால் நீரில் எத்தனை வைரஸ்கள் இருந்தன என்று தெரியும். ஒரு வட்டத்தை மட்டும் ஊசியால் தொட்டு எடுத்து மறுபடி வளர்த்தால் கலப்பில்லாத ஒரே வைரஸ் கிடைக்கும். வட்டத்தின் அளவே ஒரு வைரஸை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும். இந்த வழியில் பல நாடுகளின் குளங்களையும் ஓடைகளையும் சோதித்திருக்கிறார்கள். ஒரு மில்லிலிட்டர் நீரில் பெரும்பாலும் 1 முதல் 100 வரையிலான வைரஸ்கள் இருக்கும். சில இடங்களில் சில பருவங்களில் அது 1 லட்சத்தையும் தொட்டிருக்கிறது. ஒரு தேக்கரண்டி நீரில் 5 லட்சம் என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் சாட்சி: வடிவம்

பி.பி.சி.வி.-1 இருபது முக்கோண முகங்கள் கொண்ட ஒரு பெட்டி. அதன் வெளியுறையில் ஒரே புரதம் 5,040 முறை அடுக்கப்பட்டிருக்கிறது. உறைக்குள்ளே கொழுப்புப் படலம் ஒன்று. அதற்குள்ளே டி.என்.ஏ. பெட்டியின் ஒரு முனையில் மட்டும் கூர்மையான முள் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். பாசியின் மேல் வைரஸ் அந்த முனையைப் பதித்து அமர்கிறது. தன்னிடமுள்ள நொதியால் செல் சுவரில் துளையிட்டு, டி.என்.ஏ.வை உள்ளே செலுத்துகிறது. காலிப் பெட்டி வெளியே ஒட்டிக்கொண்டு நிற்கும். 6 முதல் 8 மணி நேரத்தில் செல் வெடிக்கிறது. ஒரு செல்லிலிருந்து சுமார் 1,000 புதிய துகள்கள் வெளிவருகின்றன.

இத்தனை தெளிவான வடிவம் ஒருவரை எளிதில் நம்பவைக்கும். ஆனால் வடிவத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குக் கேரா பாசியின் கதை நல்ல பாடம்.

கேரா என்பது ஏரிகளின் அடியில் செடிபோல் கிளைத்து வளரும் பச்சைப் பாசி. தண்டில் சுண்ணாம்பு படிந்து தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். 1970களில் ஆஸ்திரேலியாவில் ஏட்ரியன் கிப்ஸும் சக ஆய்வாளர்களும் இந்தப் பாசியில் ஒரு வைரஸைக் கண்டார்கள். சுமார் 532 நானோமீட்டர் நீளமுள்ள விறைப்பான குச்சி வடிவம். புகையிலையில் தேமல் நோய் உண்டாக்கும் வைரஸும் இதே போன்ற குச்சிதான், நீளம் 300 நானோமீட்டர். உறைப் புரதமும் புகையிலைத் தேமல் வைரஸின் புரதத்தை நினைவூட்டியது. எனவே கேராவின் வைரஸை அந்தக் குடும்பத்திலேயே சேர்த்தார்கள். நிலத்தாவரங்களின் மூதாதையருக்கு நெருங்கிய உறவான பாசியில் நிலத்தாவர வைரஸின் உறவு கிடைத்தது பொருத்தமாகவும் தோன்றியது.

2011இல் அதன் ஆர்.என்.ஏ. முழுவதும் படிக்கப்பட்டது. மொத்தம் 9,065 எழுத்துகள். புகையிலைத் தேமல் வைரஸுக்கோ சுமார் 6,400தான். உறைப் புரதம் தேமல் வைரஸ் கூட்டத்தைச் சுட்டியது. ஆனால் ஆர்.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதி சர்க்கரைப் பீட்ரூட்டைத் தாக்கும் பெனிவைரஸ் கூட்டத்தோடு நெருங்கி நின்றது. ஒரே வைரஸுக்குள் ஒரு பகுதி ஒரு குடும்பத்தையும் மறு பகுதி வேறொரு குடும்பத்தையும் காட்டியது. வெளித்தோற்றம் பொய் சொல்லவில்லை. உறையைப் பற்றிய உண்மையை மட்டும் அது சொன்னது. வைரஸ் முழுவதற்கும் அதுவே உண்மை என்று நாம்தான் எடுத்துக்கொண்டோம்.

இரண்டாம் சாட்சி: எந்தப் பாசி?

வைரஸ் எந்த ஓம்புயிரியைத் தாக்குகிறது, அதாவது எந்த உயிருக்குள் புகுந்து பெருகுகிறது என்பது அடுத்த சாட்சியம். இந்தச் சாட்சி சில சமயம் ஆச்சரியமான அளவுக்குத் துல்லியமானது.

1980களில் அமெரிக்க வைரஸ்கள் என்.சி.64ஏ என்ற பாசி இனத்தில் வளர்ந்தன. ஜெர்மனியில் வெர்னர் ரைசர் வேறு ஒரு பாராமீசியத்திலிருந்து பெற்ற பி.பி.ஐ. என்ற பாசியில் வேறு வைரஸ்கள் கிடைத்தன. நுண்ணோக்கியில் இரண்டு பாசிகளும் பச்சை உருண்டைகள்தாம், வேறுபாடு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. இரண்டையும் குளோரெல்லா வகைப் பாசி என்றே சொல்லிவந்தார்கள். 1988இல் ரைசரும் வான் எட்டனும் சேர்ந்து இரு வைரஸ் கூட்டங்களையும் ஒப்பிட்டார்கள். என்.சி.64ஏ பாசியைத் தாக்கும் வைரஸ் பி.பி.ஐ. பாசியைத் தாக்கவில்லை. பி.பி.ஐ. பாசியைத் தாக்குவது என்.சி.64ஏ பாசியைத் தாக்கவில்லை. மனிதக் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்த இரண்டை வைரஸ் வேறுபடுத்திக் காட்டியது.

2010இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மரபணுக்களை ஒப்பிட்டு இந்தப் பாசிகளுக்குப் பெயர்களைத் திருத்தினார்கள். என்.சி.64ஏ பாசி குளோரெல்லா வேரியபிலிஸ் ஆனது. பி.பி.ஐ. பாசி மைக்ராக்டினியம் என்ற வேறு பேரினத்துக்கே போய்விட்டது. வைரஸ் 22 ஆண்டுகளுக்கு முன்பே காட்டியதைத் தாவரவியல் அப்போது உறுதிசெய்தது. பாசியின் செல் சுவரில் உள்ள சர்க்கரை மூலக்கூறுகளின் அமைப்பைத் தொட்டு அறிந்துதான் வைரஸ் ஒட்டிக்கொள்கிறது. பூட்டுக்குள் பொருந்தாத சாவி திரும்பாது.

ஆனால் ஓம்புயிரியின் பெயரையே வைரஸின் பெயராக வைத்தால் ஒரு சிக்கல் உண்டு. ஓம்புயிரியின் பெயர் மாறிப்போகும். 1963இல் ராபர்ட் சாஃபர்மன், மேரி எல்லன் மோரிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் கழிவுநீர்க் குளத்தில் நீலப்பச்சைப் பாசியைத் தாக்கும் வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். பாசி வைரஸ் ஆய்வின் முதல் பெரிய நிகழ்வு அதுதான். லிங்பியா, பிளெக்டோனீமா, ஃபார்மிடியம் ஆகிய மூன்று பேரினங்களை அது தாக்கியது. அவற்றின் முதலெழுத்துகளைச் சேர்த்து எல்.பி.பி.-1 என்று பெயரிட்டார்கள். பிற்பாடு அந்த ஆய்வுகளின் முக்கிய ஓம்புயிரியான பிளெக்டோனீமா போரியானம், லெப்டோலிங்பியா என்ற பேரினத்துக்கு மாற்றப்பட்டது. ஓம்புயிரி பெயர் மாறிக்கொண்டது, வைரஸ் பழைய முகவரியைச் சுமந்துகொண்டிருக்கிறது.

இன்னொரு பெரிய மாற்றமும் நடந்தது. நீலப்பச்சைப் பாசி உண்மையில் பாசியே அல்ல, ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா என்பது உறுதியானது. எனவே அதைத் தாக்கும் வைரஸ், பாசி வைரஸ் என்ற வகையிலிருந்தே வெளியேறி, பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ் கூட்டத்துக்குப் போனது. இன்று அவற்றை சயனோஃபேஜ் என்கிறோம். அவற்றில் பலவற்றுக்கு வாலும் உண்டு. பச்சைப் பாசியின் குளோரோவைரஸுக்கும் அவற்றுக்கும் இடையிலான தூரம், யானைக்கும் ஈசலுக்கும் இடையிலான தூரத்தைவிட அதிகம். ஒரே குளத்தில், ஒரே பச்சை நிறத்துக்குள் இரண்டும் வாழ்கின்றன என்பது மட்டுமே ஒற்றுமை.

இந்தியாவுக்கும் இந்த வரலாற்றில் இடம் உண்டு. 1967இல் ஆர்.என். சிங், பி.கே. சிங் இருவரும் இந்தியாவிலிருந்து சயனோஃபேஜ்களைப் பிரித்தெடுத்ததை ‘நேச்சர்’ இதழில் அறிவித்தார்கள். அமெரிக்கக் கண்டுபிடிப்பு வெளியாகி நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. நெல் வயல்களில் நைட்ரஜனைச் சேர்க்கும் நீலப்பச்சைப் பாசிகளை ஆராயும் மரபு அப்போது நம் நாட்டில் வலுவாக இருந்தது. பாசியைத் தேடியவர்கள் அதன் எதிரியையும் தேடிக் கண்டார்கள்.

மூன்றாம் சாட்சி: மரபணு

வைரஸ் எந்த வகை மரபுப் பொருளைச் சுமக்கிறது, அதிலிருந்து எப்படிச் செய்தி எடுக்கிறது என்பதை வைத்து 1971இல் டேவிட் பால்டிமோர் வைரஸ்களைப் பிரித்தார். அந்த முறையில் ஒற்றை இழை ஆர்.என்.ஏ. கொண்ட கேரா வைரஸ் ஓர் அறையிலும், இரட்டை இழை டி.என்.ஏ. கொண்ட குளோரோவைரஸ் வேறோர் அறையிலும் அமரும். ஆனால் இது அலமாரி அடுக்குவது மட்டுமே. யார் யாருக்குச் சொந்தம் என்பதை இது சொல்லாது.

சொந்தத்தை அறிய மரபணுக்களின் எழுத்து வரிசையைப் படிக்க வேண்டும். வரிசையைப் படிக்கும் வசதி பரவலாகாத 1980களில் வான் எட்டன் குழு வேறு வழியில் தொடங்கியது. குறிப்பிட்ட எழுத்துச் சேர்க்கையைக் கண்ட இடத்தில் டி.என்.ஏ.வை வெட்டும் ரெஸ்ட்ரிக்‌ஷன் நொதிகளால் ஒவ்வொரு வைரஸின் டி.என்.ஏ.வையும் வெட்டிப் பார்த்தார்கள். சில டி.என்.ஏ.க்கள் வெட்டுப்படவே மறுத்தன. காரணம், அவற்றின் எழுத்துகளில் மெத்தில் குறிகள் பூசப்பட்டிருந்தன. பி.பி.சி.வி.-1இன் சைட்டோசின் எழுத்துகளில் சுமார் 2 சதவீதம் மட்டும் மெத்தில் குறி தாங்கியவை. என்.ஒய்.-2ஏ என்ற நெருங்கிய உறவு வைரஸில் அது 45 சதவீதம். ஒரே பாசியைத் தாக்கும், ஒரே தோற்றம் கொண்ட வைரஸ்களைப் பிரித்தறிய இந்தக் குறிகள் கைரேகைபோல் உதவின. இந்த வைரஸ்கள் தங்களுக்கென்று வெட்டும் நொதிகளையும் குறி பூசும் நொதிகளையும் சொந்தமாக வைத்திருக்கின்றன என்பதும் இதனால்தான் வெளிப்பட்டது. அதற்கு முன் ரெஸ்ட்ரிக்‌ஷன் நொதிகள் பாக்டீரியாவின் சொத்து என்றே கருதப்பட்டன. இன்று பாசி வைரஸ்களின் நொதிகள் சில ஆய்வகங்களுக்கு விலைக்கே கிடைக்கின்றன.

1990களில் பி.பி.சி.வி.-1இன் மரபுத்தொகுதி படிக்கப்பட்டது. நீளம் சுமார் 3.3 லட்சம் கார இணைகள். புரதம் செய்யும் மரபணுக்கள் 416. அவற்றோடு 11 கடத்தி ஆர்.என்.ஏ. மரபணுக்கள். கொரோனா வைரஸின் மரபுத்தொகுதி சுமார் 30,000 எழுத்துகள்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். உள்ளே இருந்த மரபணுக்கள் எண்ணிக்கையைவிட வியப்பானவை. ஹையலுரோனிக் அமிலத்தைத் தயாரிக்கும் மரபணு ஒன்று இருந்தது. நம் மூட்டுகளின் இடையே வழவழப்பைத் தரும் பொருள் அது. தொற்றுக்குள்ளான பாசியின் மேற்பரப்பில் இந்த வைரஸ் அதை முடி முளைத்ததுபோல் வளர்த்துவிடுகிறது. 94 அமினோ அமிலங்களாலான மிகச் சிறிய பொட்டாசிய வாயிற்புரதம் ஒன்றும் கிடைத்தது. நரம்பிலும் இதயத்திலும் உள்ள பொட்டாசிய வாயில்கள் எப்படி வேலை செய்கின்றன என்று அறிய அந்தச் சின்னப் புரதம் எளிய மாதிரியாகிவிட்டது.

இத்தனை மரபணுக்களில் எதை வைத்து உறவைக் கணக்கிடுவது? வைரஸ்கள் ஓம்புயிரியிடமிருந்தும் பாக்டீரியாவிடமிருந்தும் மரபணுக்களைக் கடன் வாங்குபவை. கடன் வாங்கியதை வைத்து வம்சத்தைக் கணக்கிட முடியாது. தலைமுறை தலைமுறையாகக் கைமாறாமல் இறங்கிவரும் சில மரபணுக்கள் வேண்டும். டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் டி.என்.ஏ. பாலிமரேஸ் பி, உறையின் முக்கியப் புரதம் போன்றவை அப்படிப்பட்டவை. 1990களின் நடுவில் ஃபெங் சென், கர்ட்டிஸ் சட்டில் இருவரும் பாலிமரேஸ் மரபணுவின் ஒரு துண்டை நீரிலிருந்து நேரடியாகப் பெருக்கியெடுக்கும் முறையை உருவாக்கினார்கள். பாசியை வளர்க்காமலே, நீரில் எந்த வைரஸ் குடும்பங்கள் இருக்கின்றன என்று பார்க்க முடிந்தது. கனடாவின் ஒன்டாரியோ ஏரி உட்படப் பல நன்னீர் நிலைகளில் இந்த முறை பயன்பட்டது.

சொத்துப் பத்திரம்போல் இறங்கிவரும் இந்த மரபணுக்களைக் கொண்டு வரைந்த வம்ச மரத்தில் பி.பி.சி.வி.-1இன் முகவரி இன்று இப்படி இருக்கிறது. பேரினம் குளோரோவைரஸ். குடும்பம் ஃபைகோட்னாவிரிடே, அதாவது பாசிகளின் டி.என்.ஏ. வைரஸ்கள். வரிசை ஆல்கவைரேல்ஸ். வகுப்பு மெகாவிரிசீட்ஸ். தொகுதி நியூக்ளியோசைட்டோவிரிகோட்டா. பெரியம்மைக் கூட்டத்து வைரஸ்களும் அமீபாவைத் தாக்கும் ராட்சத வைரஸ்களும் இதே தொகுதியில் இருக்கின்றன. அதற்கும் மேலே வாரிட்னாவிரியா என்ற பெரும்பிரிவு. இந்த முகவரியை முடிவு செய்யும் அமைப்பு, 1966இல் மாஸ்கோவில் தொடங்கிய சர்வதேச வைரஸ் வகைப்பாட்டுக் குழு.

பெரும்பிரிவு வரை ஏறிச் சென்றால் எழுத்து வரிசையின் ஒற்றுமை தேய்ந்து மறைந்துவிடும். அங்கே மறுபடி வடிவமே துணைக்கு வருகிறது. ஆனால் இம்முறை நுண்ணோக்கியில் தெரியும் வெளித்தோற்றம் அல்ல, புரதச் சங்கிலி மடிந்திருக்கும் பாங்கு. பி.பி.சி.வி.-1இன் உறைப் புரதம் எப்படி மடிகிறது என்பதை 2002இல் கண்டார்கள். மனிதர்களுக்குச் சளிக்காய்ச்சல் தரும் அடினோவைரஸின் உறைப் புரதமும், பாக்டீரியாவைத் தாக்கும் பி.ஆர்.டி.1 வைரஸின் உறைப் புரதமும் அதே பாங்கில் மடிகின்றன. மொழி மாறிப்போன தூரத்துப் பங்காளிகள் பழைய வீட்டின் கட்டட அமைப்பால் அடையாளம் தெரிவதுபோல, குளத்துப் பாசியின் வைரஸும் நம் தொண்டையைத் தாக்கும் வைரஸும் ஒரே மூதாதையின் சுவடைச் சுமக்கின்றன.

மரபணுச் சாட்சி தவறும் இடம்

இவ்வளவு வலுவான சாட்சியும் தனியாக நின்றால் தடுமாறும். ஏ.டி.சி.வி.-1 என்ற குளோரோவைரஸ், அகாந்தோசிஸ்டிஸ் என்ற நன்னீர் உயிருக்குள் வாழும் பாசியைத் தாக்குவது. 2014இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மனிதத் தொண்டை மாதிரிகளில் இதன் மரபுவரிசை இருப்பதாக அறிவித்தார்கள். சோதிக்கப்பட்ட 92 பேரில் 40 பேரிடம் அது கிடைத்தது. அவர்களின் அறிவுத்திறன் சோதனை மதிப்பெண்களோடு அதைத் தொடர்புபடுத்தியதால் செய்தி உலகமெங்கும் பரவியது. அடுத்த ஆண்டே வேறொரு குழு எச்சரித்தது. ஆய்வகத்தில் பயன்படுத்தும் பொருட்களிலேயே இந்த வைரஸின் மரபுவரிசைத் துணுக்குகள் கலந்திருக்கக்கூடும் என்று அவர்கள் காட்டினார்கள். விவாதம் அதோடு நிற்கவில்லை. ஆனால் பாடம் தெளிவானது. எழுத்து வரிசை கிடைத்தது என்பதும், அந்த இடத்தில் உயிர்ப்புள்ள வைரஸ் இருக்கிறது என்பதும் ஒன்றல்ல.

இந்த எச்சரிக்கை இன்று மேலும் அவசியமாகிவிட்டது. நீரிலுள்ள மரபுப் பொருள் முழுவதையும் ஒரே வீச்சில் படிக்கும் முறை பரவியபின், வளர்த்துப் பார்க்காத வைரஸ்களின் எண்ணிக்கை வளர்த்துப் பார்த்தவற்றை வெகுதூரம் முந்திவிட்டது. 2020இல் வெளியான ஒரே ஆய்வு 2,074 ராட்சத வைரஸ் மரபுத்தொகுதிகளை உலகின் நீர்நிலைகள், மண் முதலியவற்றின் தரவுகளிலிருந்து தொகுத்தது. எழுத்து வரிசை மட்டுமே தெரிந்த வைரஸையும் முறையாக வகைப்படுத்தலாம் என்று வகைப்பாட்டு அறிஞர்கள் 2017இல் ஏற்றுக்கொண்டார்கள். அது தேவையான முடிவு. ஆனாலும் அந்த வரிசைகளில் பெரும்பாலானவை எந்தப் பாசியைத் தாக்குகின்றன என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. முகம் தெரியும், ஊர் தெரியாது.

சில சமயம் வரிசையிலிருந்து பின்னோக்கிப் போய் வைரஸைக் கண்டுபிடிப்பதும் நடக்கிறது. கிளாமிடோமோனாஸ் பாசியை அறியாத தாவரவியல் மாணவர் இல்லை. அதன் ஒரு வகையின் குரோமோசோமுக்குள் சுமார் 6.17 லட்சம் கார இணை நீளமுள்ள ராட்சத வைரஸ் ஒன்று பதுங்கியிருப்பது மரபுவரிசையில் தெரிந்தது. அது செத்துப்போன பழைய எச்சம் என்று நினைக்க இடமிருந்தது. 2025இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு, அது விழித்தெழுந்து முழு வைரஸ் துகள்களை உருவாக்குவதைக் காட்டியது. ஆய்வகங்களில் பல்லாண்டுகளாக வளர்க்கப்பட்ட ஒரு பாசிக்குள்ளேயே இப்படி ஒன்று ஒளிந்திருந்தது. மரபணு குறிப்புக் கொடுத்தது, பாசி உறுதிசெய்தது, நுண்ணோக்கி துகளைக் காட்டியது. மூன்று சாட்சிகளும் ஒரே வாக்குமூலம் தந்த பிறகே அது வைரஸ் என்று நிலைபெற்றது.

பெயர் தெரிந்தபின்

ஒரு வைரஸுக்குச் சரியான பெயர் கிடைத்தால் என்ன பயன்? அதை எண்ணலாம், பின்தொடரலாம், குளத்தில் அதன் பங்கு என்ன என்று கேட்கலாம். பாராமீசியத்தின் உடலுக்குள் இருக்கும்வரை பாசிக்கு ஆபத்தில்லை, வைரஸ் எட்ட முடியாது. அப்படியானால் குளத்தில் இத்தனை வைரஸ்கள் எங்கிருந்து பெருகுகின்றன? 2016இல் நெப்ராஸ்கா ஆய்வாளர்கள் ஒரு விடையைக் கண்டார்கள். கோப்பிபாட் என்ற, இறாலுக்குத் தூரத்து உறவான சிறு உயிர்கள் பாராமீசியத்தைத் தின்னும்போது உள்ளிருந்த பாசி வெளியே வந்துவிடுகிறது. வெளியே காத்திருக்கும் வைரஸுக்கு அது விருந்து. இப்படி வைரஸ்களின் எண்ணிக்கை 100 மடங்கு உயர்ந்தது. 2022 இறுதியில் அதே பல்கலைக்கழகத்தின் ஜான் டிலாங் குழு மறுபக்கத்தைக் காட்டியது. ஹால்டீரியா என்ற ஒற்றைச் செல் உயிர், குளோரோவைரஸை மட்டும் உணவாகக் கொண்டு இரண்டே நாளில் 15 மடங்கு பெருகியது. வைரஸ் நோயை மட்டும் தருவதில்லை, சிலருக்கு அது சாப்பாடும்கூட.

நீரின் மேல் நஞ்சுள்ள பச்சை ஆடைபோல் படரும் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசியைக் கண்டு ஏரி நிர்வாகங்கள் அஞ்சுகின்றன. ஜப்பானின் மிகாதா ஏரியிலிருந்து அதைத் தாக்கும் ஃபேஜ் ஒன்று பிரித்தெடுக்கப்பட்டிருக்கிறது. ஒரு ஃபேஜ் எந்த இனத்தை மட்டும் தாக்கும், எதை விட்டுவிடும் என்று தெரியாமல் அதைக் குளத்துக்கு மருந்தாக நினைக்கவே கூடாது. சரியான வகைப்பாடு இங்கே ஏட்டுச் சுரைக்காய் அல்ல, முன்னெச்சரிக்கை.

பாசி வைரஸைத் தேடுவதற்கு முதலில் வேண்டியவை பச்சை நீர், 0.45 மைக்ரோமீட்டர் வடிகட்டி, வளர்க்கத் தெரிந்த பாசி ஒன்று, அகார் தட்டு, வெளிச்சம். இவை நம் கல்லூரிகளின் தாவரவியல், நுண்ணுயிரியல் துறைகளில் கிடைப்பவைதான். 1967இல் இந்திய ஆய்வாளர்கள் இதைவிடக் குறைந்த வசதியோடு உலகத்தோடு தோள் சேர்ந்து நின்றார்கள். கண்மாயும் ஏரியும் ஊருணியும் உள்ள ஊர்களில் படிக்கும் மாணவர்கள் ஒரு குப்பி நீரை எடுத்துத் தட்டில் ஊற்றிப் பாருங்கள். பச்சைப் பாயில் ஒரு தெளிந்த வட்டம் விழுந்தால் உடனே பெயர் சூட்டிவிடாதீர்கள். வடிவத்தைப் பாருங்கள், எந்தப் பாசியில் வளர்கிறது என்று பாருங்கள், மரபணுவைப் படியுங்கள். மூன்றும் ஒத்துப்போன பிறகு நீங்கள் சூட்டும் பெயர் நிலைக்கும்.